அக்காவின் ஐந்து பவுண்டு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் எழுதிய ‘கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்’ நாவலை எடுத்துக்கொண்டோம். பதினொரு பேரில் அதைப் படித்து முடித்தவர்கள் நான்கு பேர்தான். மற்றவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: நாயகன் கார்டன் காம்ஸ்டாக்கைச் சகிக்க முடியவில்லை. வறுமையில் வாடும் கவிஞன் என்றால் மனம் இரங்க வேண்டாமா? இரக்கத்துக்குப் பதிலாக எரிச்சல் வருகிறதென்றால் அது நாவலாசிரியரின் தோல்விதானே?
— தஞ்சாவூரிலிருந்து ஒரு நூலகர்

பதில்: உங்கள் வட்டத்தினரின் எரிச்சல் நியாயமானது, ஆனால் அதைத் தோல்வி என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கார்டன் முப்பதை நெருங்குகிறவன். ஒழுங்காகச் சம்பளம் வந்துகொண்டிருந்த விளம்பர நிறுவன வேலையைத் தானாகவே உதறிவிட்டு, லண்டனில் ஒரு புத்தகக் கடையில் வாரம் இரண்டு பவுண்டுக்கு நின்றுகொண்டிருக்கிறான். ‘எலிகள்’ என்ற மெலிந்த கவிதைத் தொகுப்பு ஒன்று வெளிவந்து, விலைபோகாமல் கழிவு விலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அடுத்து எழுதும் நெடுங்கவிதை முடிவதாக இல்லை. பணம் என்னும் தெய்வத்துக்கு எதிராகத் தான் போர் தொடுத்திருப்பதாக அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறான். தலைப்பில் வரும் ஆஸ்பிடிஸ்ட்ரா, வெளிச்சமும் கவனிப்பும் இல்லாத அறையிலும் சாகாமல் நிற்கும் ஒரு தொட்டிச் செடி. அக்கால இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்கள் தங்கள் மரியாதைக்கு அடையாளமாகச் சன்னலோரம் வைத்துக்கொண்டது. வாடகை அறையில் இருக்கும் அந்தச் செடியின் மீது சிகரெட்டை அணைப்பதும் அதன் மண்ணில் உப்பைப் போடுவதுமாகக் கார்டன் தன் போரை நடத்துகிறான். செடி சாகவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவனை ஒரு கோமாளி என்று சிரித்துக் கடந்துவிடலாம். எரிச்சல் வரும் இடம் வேறு. தன் காதலி ரோஸ்மேரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்கு வெளியே பர்ன்ஹாம் பீச்சஸ் காட்டுப்பக்கம் அழைத்துச் செல்கிறான். பகட்டான ஒரு ஓட்டலில், பணியாளனின் அலட்சியமான பார்வைக்கு அஞ்சி, கையில் இருப்பதற்கு மேலான தோரணையில் சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் சொல்கிறான். கணக்குத் தீர்த்த பிறகு சட்டைப் பையில் எட்டுப் பென்ஸ் மிஞ்சுகிறது. அதற்குப் பிறகு அந்த நாள் முழுவதும், அவள் அருகில் இருக்கும் நேரத்திலும்கூட, அவன் மனம் அந்த எட்டுப் பென்ஸையே எண்ணிக்கொண்டிருக்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று ரோஸ்மேரி சொன்னால் அவனுக்கு அவமானம். ஆனால் ஊர் திரும்ப அவளிடம்தான் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. ஓட்டல் பணியாளன் முன்னால் காட்டிய ஜம்பத்துக்கு உரிய விலையை, அவனை நேசிக்கும் பெண் கொடுக்கிறாள்.

இந்தக் காட்சியையும் ஜூலியாவின் கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜூலியா கார்டனின் அக்கா. வீட்டில் இருந்த சொற்பப் பணத்தைப் பையனின் பள்ளிப் படிப்புக்குச் செலவழிப்பதற்காக அவளுடைய படிப்பு பலியிடப்பட்டது. இப்போது ஒரு தேநீர் விடுதியில் நாள் முழுதும் நின்று உழைத்து, ஒண்டிக்கட்டையாக ஓர் அறையில் வாழ்கிறாள். அந்தச் சம்பளத்திலிருந்துதான் தம்பிக்குப் பல ஆண்டுகளாகக் கைமாற்று போய்க்கொண்டிருக்கிறது. ஒருநாள் கலிபோர்னியாவிலிருந்து ஒரு பத்திரிகை அவனுடைய கவிதைக்கு ஐம்பது டாலர் அனுப்புகிறது. பத்துப் பவுண்டு! அதில் ஐந்து பவுண்டை அக்காவுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறான். மீதிப் பணத்தில் ரோஸ்மேரிக்கும் நண்பன் ரேவல்ஸ்டனுக்கும் விருந்து வைக்கிறேன் என்று தொடங்கி, குடித்து, ஒரு போலீஸ்காரரைத் தாக்கி, மறுநாள் காலை லாக்கப்பில் கண் விழிக்கும்போது அக்காவின் ஐந்து பவுண்டும் போயிருக்கிறது. அபராதத்தை ரேவல்ஸ்டன் கட்டுகிறான். புத்தகக் கடை வேலையும் போகிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கார்டனைப் பற்றி ஆர்வெல் ஓர் இடத்திலும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவனுடைய கண் வழியாகவே நாவல் போகிறது. ஆனால் மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் பற்று வரவு நோட்டைப் போல, அவன் வீறாப்புக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பைசா பாக்கியில்லாமல் எழுதிக்கொண்டே வருகிறார். வறுமை வேறு, வறுமையை ஒரு பதக்கமாக அணிந்துகொள்வது வேறு; பின்னதற்கு ஆகும் செலவை எப்போதும் இன்னொருவர் தலையில்தான் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் வட்டத்தில் ஏழு பேருக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம், நாவலின் அந்த நோட்டு அவர்கள் கண்ணில் பட்டதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் நாவலைத் தவறாகப் படிக்கவில்லை. இன்னும் சில பக்கங்கள் பொறுத்திருக்கலாம்.

ஆர்வெலுக்கே இந்த நாவலின் மீது பிரியம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தம் வாழ்நாளில் இதை மறுபதிப்புச் செய்ய அவர் விடவில்லை. ஆகவே நாவலில் குறை சொல்பவர்களுக்கு அவரே துணை நிற்பார். எனக்குள்ள குறை முடிவைப் பற்றியது: ரோஸ்மேரி கருவுற்றவுடன் கார்டன் கவிதையைச் சாக்கடைக்குள் திணித்துவிட்டு விளம்பர வேலைக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, தானே ஆசைப்பட்டு ஒரு ஆஸ்பிடிஸ்ட்ரா வாங்க நினைக்கிறான். கணக்கு இவ்வளவு சீக்கிரம் நேராகிவிடுகிறது என்பதை நான் நம்பவில்லை. ஜூலியாவுக்கு அந்த ஐந்து பவுண்டு திரும்பக் கிடைத்ததா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கேள்வி: எழுத்தாளர் நாயகனாக வரும் நாவல்களில் மட்டும் ஏன் இவ்வளவு வெறுக்கத்தக்கவர்கள்? மருத்துவரோ விவசாயியோ நாயகனாக வந்தால் இப்படி இருப்பதில்லையே?
— நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்

பதில்: விவசாயியின் உழைப்புக்குக் கண்ணுக்குத் தெரிந்த ஒரு விளைச்சல் இருக்கிறது, நெல் விளைந்தால் அவர் உழைத்தார் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். அச்சில் வராத எழுத்தாளன் பத்து ஆண்டுகள் உழைத்தானா, பத்து ஆண்டுகள் சும்மா இருந்தானா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் பிரித்தறிய முடியாது. பல நேரங்களில் அவனாலும் முடியாது. அந்த இருட்டில் அவனைத் தூக்கி நிறுத்துவது ‘நான் மற்றவர்களைப் போன்றவன் அல்லன்’ என்ற எண்ணம் மட்டுமே. அந்த எண்ணம் இல்லாவிட்டால் அவன் இரண்டாம் மாதமே பேனாவை மூடிவிடுவான். இருப்பதால் சக மனிதர்களுக்கு அவன் தாங்க முடியாதவனாகிறான்.

கேள்வி: க.நா.சு. மொழிபெயர்ப்பில் ‘நிலவளம்’ படித்து நெகிழ்ந்து, அதே நட் ஹாம்சனின் ‘பசி’ நாவலையும் தேடிப் படித்தேன். பெரும் ஏமாற்றம். கையில் காசு வந்தால் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறவன் மீது நான் ஏன் பரிதாபப்பட வேண்டும்? போதாததற்குப் பொய் வேறு பேசுகிறான்.
— மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: நீங்கள் பரிதாபப்பட வேண்டும் என்று ஹாம்சன் எதிர்பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1890-இல் வெளிவந்த அந்த நாவலின் நாயகனுக்குப் பெயர் கிடையாது. இன்று ஆஸ்லோ எனப்படும், அன்று கிறிஸ்டியானியா எனப்பட்ட நகரத்தின் தெருக்களில், பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிச் சில குரோனர் சம்பாதித்துவிடலாம் என்று அலைகிறவன். தொடக்கத்திலேயே தன் கையில்லாத மேற்சட்டையை அடகு வைத்து, கிடைத்த காசில் ஒரு பங்கை ஒரு கிழவனுக்குக் கொடுக்கிறான். அந்தக் கிழவன் இவன் உடையைப் பார்த்துவிட்டுக் காசைத் திருப்பித் தர முயல, இவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. இது ஈகை அன்று. பிச்சைக்காரனுக்கும் கீழே தான் இருப்பதை அந்தப் பிச்சைக்காரனே கண்டுகொண்டான் என்பதுதான் அவனால் பொறுக்க முடியாதது.

நீங்கள் ‘பொய் வேறு’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்ட இடத்தில்தான் நாவலின் உயிர் இருக்கிறது என்பேன். தங்க இடமில்லாமல் ஓர் இரவு காவல் நிலையத்தில் படுக்கச் செல்கிறான். வீடற்றவர்களுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் பெயர் கேட்டதும், தான் ஆண்ட்ரியாஸ் டாங்கன் என்னும் பத்திரிகையாளன் என்றும், கூடிப் பேசிக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது, வாசற்சாவியும் கையில் இல்லை என்றும் கதை கட்டுகிறான். காவலரும் மரியாதையாக, கனவான்களுக்கென்று ஒதுக்கிய தனி அறையில் படுக்க வைக்கிறார். விளக்கு அணைகிறது. அந்தக் காரிருளில் அவன் அஞ்சி நடுங்குவதும், எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதூகலித்து, அதற்கு என்ன பொருள் தரலாம் என்று தனக்குத்தானே வாதாடுவதும், பசித்த மூளையைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்கள். பொழுது விடிகிறது. இரவு தங்கிய வீடற்றவர்களுக்கெல்லாம் உணவுச் சீட்டு கொடுக்கிறார்கள். பல நாள் பட்டினி கிடந்த இவனுக்குக் கிடைக்காது. பத்திரிகையாளர் டாங்கனுக்கு இலவச உணவு எதற்கு? கேட்டு வாங்கினால் பொய் உடைந்துவிடும். நிமிர்ந்த தலையோடு, நன்றி சொல்லிவிட்டு வெளியேறுகிறான்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருக்கும், கையைப் பிடித்து ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துச் செல்ல வேண்டும் போலவும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில். நல்லவனாக ஒருவனைப் படைத்து அவனைப் பட்டினி போட்டிருந்தால் நாம் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடியிருப்போம். ஹாம்சன் பசியையும் அகந்தையையும் ஒரே வயிற்றில் போட்டுக் காட்டுகிறார். கார்டனைப் போலன்றி, இவன் தன் ஜம்பத்துக்குரிய விலையில் பெரும்பகுதியைத் தன் உடம்பிலிருந்தே கொடுக்கிறான் என்பதையும் கவனியுங்கள். இறைச்சிக் கடையில் நாய்க்கு என்று சொல்லி எலும்பு வாங்கி, மறைவாக நின்று தானே கடிக்கிறவன் அவன். நாய் கிடையாது.

கேள்வி: ஹாம்சன் பிற்காலத்தில் நாஜிகளை ஆதரித்தார் அல்லவா? நாயகனின் திமிர் ஆசிரியரின் திமிர்தான் என்று சொல்லிவிடலாமா?
— கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆதரித்தார். 1920-இல் நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பதக்கத்தை 1943-இல் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபெல்சுக்கே அனுப்பிவைத்தார். அது மன்னிக்கத்தக்கதன்று. ஆனால் முப்பது வயது எழுத்தாளர் தம் நாயகனின் திமிரை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்து எழுதியதையும், எண்பது வயதைத் தாண்டியவர் செய்ததையும் ஒரே கயிற்றில் கட்டினால் இரண்டையுமே சரியாகப் பார்க்க முடியாது.

கேள்வி: இத்தகைய நாவல்களில் எழுத்தாளனின் அகந்தைக்கு விலை கொடுப்பவர்கள் எப்போதும் பெண்களாகவே இருக்கிறார்கள். அக்கா, மனைவி, காதலி, உணவகப் பணிப்பெண். இது நாவலாசிரியர்கள் கண்டு சொன்ன உண்மையா, அல்லது அவர்களும் சேர்ந்து செய்யும் அநீதியா?
— திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை

பதில்: நாவலுக்கு நாவல் விடை மாறுகிறது. நான் ஒரு நாவலை எடை போடுவதே இந்தக் கேள்வியைக் கொண்டுதான்.

பால்சாக்கின் ‘சிதைந்த கனவுகள்’ 1837 தொடங்கி 1843 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. ஊரிலிருந்து பாரிசுக்கு வரும் இளங்கவிஞன் லூசியன், தங்கையின் கணவனான டேவிட்டின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு மூன்று கடன்பத்திரங்களை மாற்றிவிடுகிறான். டேவிட் சிறைக்குப் போகிறான். லூசியனுக்காகத் தன்னை அழித்துக்கொண்ட நடிகை கொராலி இறந்துபோகும்போது அவளை அடக்கம் செய்யக் காசில்லை. பிணத்தின் அருகில் உட்கார்ந்து, ஒரு புத்தக வியாபாரிக்காகக் கொச்சையான குடிப்பாட்டுகளை அவன் எழுதுகிறான். கவிஞன் என்று தலைநிமிர்ந்து வந்தவனுக்கு, உண்மையாகவே கவிதை காசு கொடுத்த இரவு அது. அங்கே பால்சாக் லூசியனை வெறுக்கவும் விடவில்லை, மன்னிக்கவும் விடவில்லை. ஆனால் கொராலி எதை எண்ணிச் செத்தாள் என்பதைச் சொல்ல அவர் அதிக நேரம் செலவிடவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

ஜார்ஜ் கிஸ்ஸிங் 1891-இல் எழுதிய ‘நியூ கிரப் ஸ்ட்ரீட்’ நாவலில் அந்தக் குறை இல்லை. அக்கால இங்கிலாந்தில் நாவல் என்றால் மூன்று தொகுதிகள். விலை முப்பத்தொரு ஷில்லிங் ஆறு பென்ஸ். சாதாரண மனிதர் வாங்க முடியாத அந்த விலையில், ‘மியூடீஸ்’ (Mudie's) போன்ற வாடகை நூலகங்களே முதன்மையான வாடிக்கையாளர். ஆகவே சொல்வதற்கு ஒரு தொகுதிக்கான விஷயமே இருந்தாலும் மூன்று தொகுதிகளுக்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பில் செத்துச் சுண்ணாம்பாகும் எட்வின் ரியர்டன் ஒருபுறம். சந்தைக்கு எது போகும் என்று மட்டும் பார்த்து மேலேறும் ஜாஸ்பர் மில்வெயின் மறுபுறம். இருவரில் ஒருவரையும் நமக்குப் பிடிக்காது. ரியர்டனின் தன்னிரக்கம் பக்கத்துக்குப் பக்கம் கனக்கிறது. வருமானம் அற்றுப்போய்ப் பழைய எழுத்தர் வேலைக்குத் திரும்பும்போது, மனைவி ஏமியும் வறுமைக்குள் தன்னோடு வந்து நிற்க வேண்டும் என்பதை அவன் காதலுக்கான பரீட்சையாகவே ஆக்கிவிடுகிறான்.

ஆனால் இந்த நாவலில் மேரியன் யூல் இருக்கிறாள். அவளுடைய தந்தை ஆல்ஃபிரட் யூல் அங்கீகாரம் கிடைக்காமல் புளித்துப்போன விமர்சகர். படிப்பில்லாத தம் மனைவியின் பேச்சுப் பிழைகளைக் குத்திக்காட்டியே வாழ்க்கையைக் கழித்தவர். மேரியன் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பறையில் நாள் முழுதும் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுதுவது, பெரும்பாலும் தந்தையின் பெயரில் அச்சாகிறது. பனிமூட்டம் படிந்த ஒரு நாளில், ஏற்கெனவே மலைபோலக் குவிந்திருக்கும் புத்தகங்களிலிருந்து இன்னொரு புத்தகத்தைத் தயாரிப்பதற்கு மனிதர்கள் எதற்கு, ஒரு இயந்திரம் போதாதா என்று அவள் நினைக்கிறாள். 1891-இல் எழுதப்பட்ட வரி! இன்று படிப்பவருக்கு முதுகுத்தண்டு சில்லிடும். மேரியனுக்கு ஒரு சொத்து வரப்போகிறது என்று தெரிந்ததும் மில்வெயின் அவளை மணக்கக் கேட்கிறான். சொத்து சுருங்கியதும் நழுவுகிறான். முடிவில் விதவையாகி, கையில் பணமும் உள்ள ஏமியை மணக்கிறான். மேரியன் வெளியூர் நூலகம் ஒன்றில் வேலைக்குப் போகிறாள். எழுதுகிற ஆண்களெல்லாம் தங்களைத் தியாகிகள் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாவலில், எழுதியும் பெயர் இல்லாதவள் ஒருத்தி மூலையில் உட்கார்ந்திருப்பதை கிஸ்ஸிங் மறக்கவில்லை. அந்த நாவலின் முழு உரிமைக்கும் அவருக்குக் கிடைத்தது 150 பவுண்டு. அடிக்குறிப்பு போலத் தோன்றும் இந்தச் செய்தியை நான் சொல்லக் காரணம், அவர் வெளியிலிருந்து எழுதவில்லை என்பதைக் காட்டத்தான்.

இன்னொரு முனையில் ஜான் ஃபான்டேயின் ‘ஆஸ்க் தி டஸ்ட்’, 1939. லாஸ் ஏஞ்சல்ஸின் பங்கர் ஹில் விடுதி அறையில் ஆரஞ்சுப் பழம் தின்றே நாள் கடத்தும் ஆர்ட்டூரோ பந்தினி, உணவகத்தில் பரிமாறும் மெக்சிகோ வழிவந்த கமீலாவின் செருப்பைப் பார்த்துக் கேலி செய்கிறான். அவள் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துகிறான். தன் இத்தாலியப் பெயருக்காகச் சிறுவயதில் தானும் அவ்வாறே இழிவுபடுத்தப்பட்டதை அறைக்குத் திரும்பியபின் அவனே நினைத்து அழுகிறான். பட்ட அடியை அடுத்தவருக்குக் கடத்தும் அந்தக் கணத்தை ஃபான்டே ஒளிக்கவில்லை. அதுவே நாவலின் பலம். ஆனால் கடைசியில் கமீலா மொஹாவி பாலைவனத்தில் காணாமற்போக, பந்தினி தன் புதிய நாவலில் அவளுக்கென்று எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் புத்தகத்தை மணலில் வீசி எறிகிறான். அழகான காட்சிதான். என்றாலும் அவள் தொலைந்ததுகூட அவனுடைய புத்தகத்துக்கு ஒரு கடைசிப் பக்கமாகிவிட்டதே என்ற கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை. நீங்கள் அநீதி என்று சொன்னது இங்கே பொருந்தும்.

கேள்வி: எழுத்தாளர் கஷ்டப்படும் நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாக் லண்டனின் ‘மார்ட்டின் ஈடன்’. அவனை வெறுக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. நான் தவறாகப் படித்துவிட்டேனா?
— சேலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆசிரியர் உயிரோடு இருந்தால் ‘ஆமாம்’ என்பார். 1909-இல் வெளிவந்த அந்த நாவல், தனிமனித வாதத்தை நாயகனின் உருவில் தாக்குவதற்காகவே எழுதப்பட்டது என்றும், மதிப்புரை எழுதியவர்களில் ஒருவருக்கும் அது புரியாமற்போனதால் தாம்தான் எங்கோ சொதப்பிவிட்டதாகவும் லண்டன் குறைபட்டுக்கொண்டார். எங்கே என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. மார்ட்டின் கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன். தனக்குப் புகழ் வந்தபின், கஷ்டகாலத்தில் ஆதரவாக இருந்த வீட்டுக்காரி மரியாவுக்கு ஒரு பால்பண்ணையே வாங்கித் தருகிறான். புருஷனுக்குத் தெரியாமல் தனக்கு உதவிய அக்காவையும் மறக்கவில்லை. பற்றுப் பக்கத்தில் இப்படி ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தால், அவன் சக மனிதர்களை எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறான் என்பது வாசகருக்கு உறைக்காது. கடைசியில் கப்பலின் வட்டச் சன்னல் வழியாக அவன் கடலுக்குள் இறங்கும்போது, உலகம் ஒரு மேதையைக் கொன்றுவிட்டது என்று தோன்றுகிறதே தவிர, அவன் தத்துவம் அவனைக் கொன்றது என்று தோன்றுவதில்லை. நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. கடனை அடைத்தவனை வெறுக்க மனிதர்களுக்கு வராது.

கேள்வி: தமிழில் இத்தகைய எழுத்தாள நாயகர்கள் உண்டா?
— புதுச்சேரியிலிருந்து ஒரு மாணவி

பதில்: உடனே நினைவுக்கு வருவது சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’, 1981. ஜோசஃப் ஜேம்ஸ் என்னும் கற்பனையான மலையாள எழுத்தாளனைப் பற்றித் தமிழ் எழுத்தாளன் பாலு எழுதும் குறிப்புகளாக நாவல் அமைகிறது. ஆராதனையோடு தன்னைப் பார்க்க வந்த பாலுவிடம் ஜே.ஜே. கேட்பது, சிவகாமி அம்மாள் தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்பதைத்தான்; கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலைக் குத்திக்காட்டும் கேள்வி. தமிழ் வாசகர் சிரித்துக்கொண்டே மேற்கோள் காட்டும் வரி அது. எதிரில் நின்ற இளைஞனின் முகம் எப்படிச் சுருங்கியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தால், சிரிப்பு அவ்வளவு எளிதாக வராது.

நாவலன்று, சிறுகதைதான் என்றாலும் புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. விளம்பரம் எழுதிப் பிழைக்கும் முருகதாசருக்கும், விளம்பரம் எழுத மாட்டேன் என்று வீறாப்புப் பேசும் கார்டனுக்கும் வயதிலும் காலத்திலும் அதிக தூரமில்லை. முருகதாசர் வீட்டுக்கு வந்த நண்பரிடம் மூன்று ரூபாய் கேட்டு எட்டணா வாங்குகிறார். ஆனால் அந்த எட்டணா விறகுக்கடைக்கா, காப்பிப் பொடிக்கா என்பதில் மனைவிக்கு ஒரு வாய் இருக்கிறது. கதை திங்கட்கிழமையைப் பற்றிய பேச்சில் முடியும்போது, அந்தக் குடும்பத்தில் கணக்குத் தெரிந்தவர் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. முருகதாசர் மீது நமக்கு வெறுப்பு வராமல் போவதற்கு அவருடைய நகைச்சுவை உணர்வு பாதிக் காரணம் என்றால், அந்த அம்மாள் மீதிக் காரணம்.

கேள்வி: சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநராக இருக்கும் கவிஞனை நாயகனாக்கி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்துப் பார்த்த நண்பர், ‘இவனை யாருக்கும் பிடிக்காது, தெருநாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி ஒரு காட்சி சேர்த்துவிடு’ என்கிறார். சேர்க்கலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
— சென்னையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நாய் வேண்டாம். வாசகரின் நல்லெண்ணத்தை ஒரு கவளம் சோற்றுக்கு வாங்க முயல்வது வாசகருக்குத் தெரிந்துவிடும். அதற்காக, உங்கள் நாயகனை இன்னும் கொடியவனாக்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. கொடியவனாக இருப்பதையே ஒரு பெருமையாகக் கருதி எழுதப்படும் நாவல்கள் இப்போது நிறைய வருகின்றன. அவை நாய்க்குச் சோறு வைப்பதைவிட மலிவான தந்திரம்.

அவனுக்கு ஏதாவது ஒன்றில் உண்மையான திறமை இருக்கட்டும், அதைப் பக்கத்தில் காட்டுங்கள். ‘பெரிய கவிஞன்’ என்று அவனே சொல்லிக்கொள்வதைக் கேட்டு எனக்கு அலுப்பு வந்துவிட்டது. ஆனால் ஈரம் காயாத அச்சுப்படியில் ஓர் ஒற்று மிகுந்திருப்பதைத் தூரத்திலிருந்தே அவன் கண்டுபிடிக்கும் அந்தப் பத்தி நன்றாக இருந்தது. அதை எழுதியபோது நீங்கள் அவனைப் பற்றிய தீர்ப்பை மறந்திருந்தீர்கள். பிறகு, விலைகளை எழுதுங்கள். அவன் அறை வாடகை எவ்வளவு, டீக்கடை பாக்கி எவ்வளவு, கவிதைத் தொகுப்பு அச்சிட யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்று ஓரிடத்திலும் தொகை இல்லை. ‘வறுமை’ என்ற சொல் மட்டும் பதினாறு முறை வருகிறது; நான் எண்ணினேன்.

இளவயதில் நானும் ஒரு தொகுப்பு போட்டேன். அதற்கு என் அக்கா கொடுத்த பணம் அவர் தீபாவளிப் பட்டுக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, வேறொருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். அக்காலத்தில் நான் எழுதிய கவிதைகளில் உலகம் என்னைக் கைவிட்டதாக நிறைய வரும்.

உங்கள் அத்தியாயத்தின் பதினேழாம் பக்கத்தில் நாயகனின் அண்ணி வருகிறார். சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் கழித்து வந்து, அவன் கையில் முந்நூறு ரூபாயை மடித்து வைக்கிறார். அடுத்த வரியில் அவன் தெருவில் இறங்கி மழையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறான். மழையைப் பற்றிய இரண்டு பக்கங்களை எடுத்துவிடுங்கள். அண்ணி உள்ளே போய் எந்த டப்பாவைத் திறந்தார், அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எழுதி எனக்கு மறுபடியும் அனுப்புங்கள்.